பாட்டியின் முகம் எங்கே?



சென்ற ஆண்டு தவக்காலத்தில் நமது பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் ஆண்டவரில் துயில் கொண்டார். தலையில் மீன்கூடை சுமந்து சந்தைக்கு நடந்து சென்று நான்கு மக்களை ஆளாக்கிய தாய் அவர். அடக்கம் முடிந்து சில நாட்களுக்குப் பின் அவருடைய மூத்த மகனும் பேத்தியும் பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அச்சிட வேண்டும். அதற்கேற்ற படமொன்றைத் தேர்ந்து தர வேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள்.

பேத்தி கல்லூரியில் பயில்பவள். அவளது கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. திருமுழுக்கு, முதல் நற்கருணை, திருமணம், கொடியேற்றம், தேர்ப்பவனி என ஒன்றையும் அவள் விட்டு வைக்கவில்லை. அரை மணி நேரம் தேடினோம். பாட்டி அகப்பட்டது மூன்றே படங்களில்.

முதற்படம் ஒரு திருமணத்தில் எடுத்தது. மணமகளின் மாலை இதழ் இதழாகத் தெளிந்து நிற்க, பின்னால் நின்ற பாட்டியின் முகம் மூடுபனிக்குள் இருப்பது போல் மங்கியிருந்தது. இரண்டாவதில் அவர் கொள்ளுப்பேரனை மடியில் ஏந்திச் சன்னலருகே அமர்ந்திருந்தார். வெளியே கடற்கரை மணல் பளிச்சிட, பாட்டி கரிய நிழலாய்த் தெரிந்தார். மூன்றாவதில் குடும்பம் முழுவதும் கிறிஸ்து பிறப்புக் குடிலின் முன் நின்றது. படத்தின் ஓரத்தில் பாட்டியின் பாதி முகமும் ஒரு தோளும் மட்டுமே இருந்தன.

இறுதியில் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மகன் நெடுநேரம் அதையே நோக்கினார். பிறகு, "இது எங்க அம்மா இல்ல, சாமி" என்றார். நினைவு அட்டை படமின்றியே அச்சாயிற்று. சிலுவை அடையாளத்தின் கீழே பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும் இருந்தன.

மறுவாரம் அந்தப் பேத்தி தனியே வந்தாள். "தாத்தா இருக்காங்க, சாமி. அவங்களையாவது நல்லா எடுத்து வைக்கணும். எப்படின்னு சொல்லிக் குடுங்க" என்றாள்.

குருமடத்தில் பயின்ற நாட்களில் பிலிம் சுருள் போடும் கேமராவில் நாம் சிறிது பழகியிருந்தோம். ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாம். கழுவி அச்சிட்டு வரும் வரை நன்றாக வந்ததா என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்திற்கு முன்னும் நின்று நோக்கும் பழக்கம் தானே வந்தது. அந்நாளில் கற்றதை அவளுக்குச் சொன்னோம். எல்லா இல்லங்களுக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம். அவள் காட்டிய மூன்று படங்களே நமக்கு மூன்று பாடங்கள். முதலாவது ஃபோகஸ் தவறியது. இரண்டாவது ஒளியின் அளவு தவறியது. மூன்றாவது படத்தின் அமைப்பு தவறியது.

முகம் தெளிவதற்கு

எதற்கும் முன்னதாக லென்சைத் துடையுங்கள். சட்டைப் பையிலும் சமையலறையிலும் கிடக்கும் கைபேசியின் லென்சில் விரல் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தாலே பாதிப் படங்களின் மங்கல் நீங்கும்.

அடுத்து ஃபோகஸ். லென்சு ஒரு நேரத்தில் ஒரு தொலைவில் உள்ளதையே மிகக் கூர்மையாகக் காட்டும். அத்தொலைவிற்கு முன்னும் பின்னும் இருப்பவை, விலக விலக மங்கும். இன்றைய கருவிகள் தாமாகவே ஃபோகஸ் செய்கின்றன; முகங்களைக் கண்டுபிடிக்கவும் செய்கின்றன. ஆயினும் பத்து முகங்களுள் எந்த முகம் உங்களுக்கு வேண்டியது என்பதைக் கருவி அறியாது. அதை நீங்களே சொல்ல வேண்டும். கைபேசியின் திரையில் அந்த முகத்தின் மீது விரலால் தொடுங்கள். சிறு கட்டமோ வட்டமோ தோன்றும். பெரும்பாலான கைபேசிகளில் விரலைச் சற்று அழுத்தி வைத்திருந்தால் ஃபோகஸ் அங்கேயே நிலைத்துவிடும். கேமராவாயின் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் நிற்கும். முழுதும் அழுத்தினால் படம் பதியும். ஒருவருடைய முகத்தை அருகிலிருந்து எடுக்கும்போது நமக்கு அருகில் உள்ள கண்ணின் மீது ஃபோகஸ் இருக்கட்டும். கண் தெளிவாயிருந்தால் காது சற்று மங்கினாலும் குறையில்லை.

மங்கலான படங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் மங்குவதில்லை. நோயை அறிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேறொரு பொருள் தெளிவாயிருந்து முகம் மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டாற்போல் இருந்தால் உங்கள் கை ஆடிவிட்டது. சுவரும் நாற்காலியும் தெளிவாயிருந்து மனிதர் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் அசைந்துவிட்டார்.

கை ஆடுவதற்கு மருந்து எளியது. இரு கைகளாலும் கருவியைப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தூணிலோ சுவரிலோ சாய்ந்து, மூச்சை மெல்ல விட்டபடி எடுங்கள். ஆள் அசைவதற்கு மருந்து ஷட்டரின் வேகம். அசையாது அமர்ந்திருப்பவருக்கு ஒரு வினாடியில் 60-இல் ஒரு பங்கு போதும். நடப்பவர்க்கு 250-இல் ஒரு பங்கும், ஓடியாடும் பிள்ளைகளுக்கு 500-இல் ஒரு பங்கும் வேண்டும்.

இதற்கு வரலாற்றிலே ஓர் அழகிய சான்று உண்டு. 1838-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தாகேர் என்பவர் உயரத்திலிருந்து ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த தெரு அது. ஆனால் ஒளி பதிவதற்கு அந்நாளில் பல நிமிடங்கள் ஆயின. நடந்தவரும் ஓடியவரும் தடமின்றி மறைந்தனர். காலணிக்கு மெருகேற்றிக் கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற மனிதரின் உருவம் மட்டும் பதிந்தது. புகைப்படத்தில் மனிதர் தோன்றிய மிகப் பழைய படமாக அது கருதப்படுகிறது. அத்தனை பேர் நடமாடிய தெருவில் நின்றவரே படத்தில் நிலைத்தார்! எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரு கணமேனும் நிற்க வேண்டும் என்னும் பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

ஒளியின் அளவு

புகைப்படக் கலைக்கு மேலைநாட்டார் இட்ட பெயருக்குக் கிரேக்க மொழியில் 'ஒளியால் எழுதுதல்' என்பது பொருள். மை குறைந்தால் எழுத்துத் தெரியாது. மிகுந்தால் தாள் கறைபடும். ஒளியும் அவ்வாறே.

குழாயடியில் குடம் நிறைப்பதை எண்ணிப் பாருங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம், குடம் எவ்வளவு பெரியது என்னும் மூன்றும் சேர்ந்தே குடம் நிறைவதை முடிவு செய்கின்றன. கேமராவில் குழாயின் திறப்புப் போன்றது லென்சின் துவாரம். எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8 என்று எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். திறந்து வைக்கும் நேரம் போன்றது ஷட்டர். குடத்தின் அளவு போன்றது ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு எண். 100-ஐ 200 ஆக்கினால் பாதி ஒளியே போதும். குடம் சிறிதாகிவிட்டது எனலாம். சிறு குடம் விரைவில் நிறையும். ஆனால் நீர் குறைவு. அதுபோல ஐ.எஸ்.ஓ. எண்ணை மிக உயர்த்தினால் படத்தில் மணல் தூவியது போன்ற பொரிகள் தோன்றும். கைபேசியில் இக்கணக்குகளைக் கருவியே போடுகிறது. ஆயினும் கணக்கு நமக்கும் தெரிந்தால்தான் அது பிழைக்கும்போது திருத்த முடியும்.

கோவிலுக்குள் எடுத்த படங்கள் ஏன் கெடுகின்றன என்று பலர் கேட்பதுண்டு. நண்பகல் முற்றத்தில் உள்ள ஒளியைக் காட்டிலும் கோவிலினுள் உள்ள ஒளி நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. நமது கண் இருளுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் அவ்வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. கருவியோ ஒளியைச் சேர்ப்பதற்காக ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது. அதற்குள் கை ஆடுகிறது. நற்கருணை வாங்க வரும் பிள்ளையும் நடக்கிறது. ஃபிளாஷ் போட்டாலும் சில அடிகளுக்கு அப்பால் அது எட்டாது. தொலைவு இருமடங்கானால் அதன் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். கடைசி இருக்கையிலிருந்து பீடத்தை நோக்கி ஃபிளாஷ் அடிப்பதால் முன்னால் நிற்பவரின் முதுகே வெளுக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சங்களை மேலே எழுப்பச் சொல்லும் வேளையில் கைபேசிகளை மேலே எழுப்புகிறோமே என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8-ஆம் நாள் பொதுச் சந்திப்பில் வருந்தினார். முதல் நற்கருணை பெறும் பிள்ளையின் படத்தைத் திருப்பலி முடிந்தபின் கோவில் வாயிலில், நிழலில், மெல்லிய ஒளியில் எடுங்கள். படமும் நன்றாக வரும், செபமும் கெடாது.

மற்றொரு பிழை வெண்மையால் வருவது. கருவியின் ஒளியளவி, தன்முன் உள்ள காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறது. வெள்ளுடை அணிந்த இருபது சிறுமியரை நிறுத்தினால், ஒளி மிகுந்துவிட்டதென எண்ணி அது அளவைக் குறைத்துவிடுகிறது. வெள்ளை அழுக்கேறியது போலாகிறது. பிள்ளைகளின் மாநிற முகங்கள் மேலும் கறுக்கின்றன. அப்போது முகத்தைத் தொடுங்கள்; பல கைபேசிகளில் அருகே தோன்றும் சிறு சூரியக் குறியை மேல்நோக்கி நகர்த்துங்கள். கேமராவாயின் ஒரு படி ஒளியைக் கூட்டுங்கள். ஆனால் வெண்மை முழுவதும் வெளிறிப் போகுமளவு கூட்டிவிடாதீர்கள். இருண்ட பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். முழுதும் வெளுத்த பகுதியில் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சன்னலருகே அமர்ந்த பாட்டி ஏன் நிழலானார் என்பது இப்போது விளங்கும். ஒளி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கருவி அந்த ஒளிக்கே அளவு பார்த்தது. நாற்காலியைத் திருப்பி அவரைச் சன்னலை நோக்கி அமர்த்தி, எடுப்பவர் சன்னலருகே நின்றிருந்தால் போதும். காசு செலவில்லாத ஒளி அவர் முகத்திலே விழுந்திருக்கும். உச்சிவெயிலில் எடுக்காதீர்கள், கண்குழிகளில் கருநிழல் விழும். காலையும் மாலையும் நல்லவை. நண்பகலில் திண்ணை நிழலே சிறந்த ஸ்டுடியோ.

சட்டத்திற்குள் யார்?

படம் என்பது நான்கு ஓரங்களைக் கொண்ட ஒரு சட்டம். அதற்குள் யாரைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று தேர்ந்துகொள்வதே அமைப்பு. பொத்தானை அழுத்துவதற்கு முன் கண்ணை நான்கு ஓரங்களிலும் ஒருமுறை ஓட விடுங்கள். யாருடைய பாதி முகம் வெட்டுப்படுகிறது? தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்து நிற்கிறதா? கொடியில் துணி காய்கிறதா? ஓரடி இடப்புறம் நகர்ந்தால் இவை பெரும்பாலும் மறைந்துவிடும்.

சிறுவரை எடுக்கும்போது முழந்தாளிடுங்கள். அமர்ந்திருக்கும் முதியவரை எடுக்கும்போது நீங்களும் அமருங்கள். கேமரா அவர்களுடைய கண்ணின் உயரத்தில் இருந்தால், பார்ப்பவர் அவர்களைச் சமமாகச் சந்திப்பார். கைபேசித் திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தவிர்த்து, காலால் நடந்து அருகே செல்லுங்கள். ஆயினும் முகத்திற்கு மிக நெருங்கினால் மூக்குப் பெருத்துத் தோன்றும். ஐந்தாறு அடித் தொலைவு பொருத்தமானது. சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்று பங்காகப் பிரிக்கும் கோடுகளைத் திரையில் காட்டும் வசதி உண்டு. முகத்தை எப்போதும் நட்டநடுவில் வைக்காமல் அக்கோடுகள் கூடும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அவர் நோக்கும் திசையில் சிறிது இடம் விடுங்கள். கடல் தெரியுமானால் தொடுவானம் சாயாதிருக்கட்டும்.

குடும்பப் படமாயின் முதியவரை முன்வரிசையின் நடுவில் அமர்த்துங்கள். அது மரியாதைக்காக மட்டுமன்று. கைபேசியின் அகன்ற லென்சு ஓரத்தில் உள்ள முகங்களை இழுத்துக் காட்டும். வெட்டுப்படுவதும் ஓரத்தில் நிற்பவரே. ஒருவரேனும் கண் சிமிட்டுவர் ஆதலால் மூன்று நான்கு முறை எடுங்கள்.

சிறுமலரின் முகம்

குழந்தை இயேசுவின் புனித தெரேசாளை, நாம் சிறுமலர் என்று அன்புடன் அழைக்கும் அந்தக் கன்னியை, அறியாத கத்தோலிக்க இல்லம் உண்டோ? அவருடைய உண்மை முகத்தை உலகம் அறிந்ததற்குக் காரணம் அவருடைய அக்காள் செலின். 1894 செப்டம்பரில் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் நுழைந்தபோது செலின் தம்முடன் ஒரு கேமராவையும் கொண்டு சென்றார். கண்ணாடித் தகடுகளில் படம் பதியும் காலம் அது. எதிரே இருப்பவர் சில வினாடிகள் அசையாதிருக்க வேண்டும். 1897 சூன் 7-ஆம் நாள், காசநோயால் தளர்ந்திருந்த தங்கையைச் செலின் படமெடுத்தார். ஆகஸ்டு 30-ஆம் நாள், மடத்தின் நடைகூடத்தில் நோய்ப்படுக்கையோடு கொண்டுவந்து கிடத்தப்பட்டிருந்த நிலையிலும் எடுத்தார். செப்டம்பர் 30-ஆம் நாள் தெரேசாள் தம் 24-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தங்கை புனிதர் பட்டம் பெறுவார் என்று எண்ணியா அக்காள் எடுத்தார்? தம்முடன் வாழ்ந்த ஒருவரை அன்போடும் பொறுமையோடும் நோக்கினார், அவ்வளவே.

இதிலே இன்னொரு செய்தியும் உண்டு. பின்னாளில் அப்படங்கள் தூரிகையால் மெருகேற்றப்பட்டு, முகம் மென்மையாக்கப்பட்டே நெடுங்காலம் பரவின. மெருகேற்றாத மூலப்படங்கள் 1961-இல்தான் வெளியாயின. துன்பத்தையும் உறுதியையும் தாங்கிய உண்மை முகத்தை மக்கள் அப்போது கண்டனர். இன்று கைபேசிகளில் முகத்தை வழவழப்பாக்கும் வசதிகள் பல உள்ளன. அவற்றை அணைத்து வையுங்கள். மீன்கூடை சுமந்த தாயின் நெற்றிச் சுருக்கங்கள் அவர் வாழ்ந்த வாழ்வின் எழுத்துக்கள். அவற்றை அழிக்க நமக்கு உரிமையில்லை.

இந்த ஞாயிறு செய்யத்தக்கது

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்து முதியவரை வாசலருகே ஒளியை நோக்கி அமர்த்துங்கள். "என்னைப் போய் எதுக்கு எடுக்கிறே?" என்றுதான் அவர் கேட்பார். வேண்டும் என்று சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த உடையை உடுத்தட்டும். உடனே எடுக்க விரையாமல் பழைய நாட்களைப் பற்றிச் சிறிது பேச விடுங்கள். பின்னர் மூன்று படங்கள் எடுங்கள். ஒன்று முகம். ஒன்று செபமாலை உருட்டும் கைகள், அல்லது தொழில் செய்யும் கைகள். மற்றொன்று அவர் நாள்தோறும் இருக்கும் இடத்தில், அடுப்படியிலோ திண்ணையிலோ, அவர் இருப்பது.

எடுத்ததை அச்சிடுங்கள். கைபேசி தொலையும், தண்ணீரில் விழும், பழுதாகும். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படமோ இன்றும் பெட்டிக்குள் இருக்கிறது. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், நாள் எழுதுங்கள். ஒரு படியை அம்முதியவர் கையிலேயே கொடுங்கள். தம் முகத்தை ஒருவர் விரும்பிக் கேட்டு எடுத்தார் என்பது முதுமையில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அப்போது காண்பீர்கள்.

அந்தப் பேத்தி இரு வாரங்கள் கழித்து ஒரு படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தாள். தாத்தா வாசற்படியில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்து கொண்டிருக்கிறார். காலை ஒளி ஒரு கன்னத்தில் விழுகிறது. கண்கள் தெளிவாயிருக்கின்றன. அவருக்குப் பக்கத்தில் படியிலே ஓர் ஆள் அமரத்தக்க இடம் வெறுமையாயிருந்தது. அமைப்பிற்காக விட்ட இடமோ என்று கேட்டோம். "இல்ல சாமி, அது பாட்டி உக்கார்ற இடம். அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்கன்னு சொன்னேன். தாத்தா கேக்கல" என்றாள்.

தம்மிடம் வந்த செல்வந்தனை இயேசு கூர்ந்து நோக்கி அவன்மீது அன்பு கொண்டார் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது. நோக்குதல் முதலில், அன்பு கூடவே. ஃபோகஸும் ஒளியளவும் அமைப்பும் அவ்வாறு நோக்கக் கற்பதற்கான சிறு வழிகள். நம் இல்லங்களில் நோக்கப்படாத முகம் ஒன்றும் இல்லாதிருக்கட்டும். நம்மோடு இருக்கும்போதே அவர்களைக் காண ஆண்டவர் நம் கண்களுக்கு ஒளி தருவாராக!